தன்வினை என்று எழுதப்பட்ட பிறவினைகள்

சில மாதங்களுக்கு முன் இளம் எழுத்தாளர்கள் எழுதிய முப்பது சிறுகதைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. எல்லாமே வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றிய கதைகள். எழுதியவர்கள் சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் இருக்கிற, இருபதுகளில் உள்ள பிள்ளைகள். நல்ல மனசோடு எழுதியிருந்தார்கள். சிலருடைய மொழி என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. முப்பதில் பதினோரு கதைகளில் ஊழியர் இறந்துபோகிறார்.

அந்தப் பதினொன்றையும் தனியாக எடுத்துவைத்து, மரணம் நடக்கிற இடத்தை மட்டும் மறுபடி படித்தேன். எல்லாவற்றிலும் அது ஒரே ஒரு வாக்கியம்தான். சாரத்திலிருந்து கால் தவறி விழுந்தான். இரும்புக் கம்பிகள் சரிந்து அவன்மேல் விழுந்தன. லாரி கவிழ்ந்தது. அந்த வாக்கியம் முடிந்த உடனே கதை விமானம் ஏறி ஊருக்குப் போய்விடுகிறது. போன் அடிக்கிறது. அம்மா அடுப்படியில் இருக்கிறார். பார்த்தே இராத அப்பாவின் படத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை சிரிக்கிறது. பிறகு பெட்டி வந்து இறங்குகிறது.

நானும் அழுதேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பதினோராவது கதையை முடித்தபோது அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலுக்கு அந்தப் பிள்ளைகள் மட்டும் காரணமில்லை. அதே வாக்கியத்தை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். நான் எழுதியது கதையில் இல்லை.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் நான் ஒரு கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். சைட்டில் எனக்குப் பெயர்கூட கிடையாது. "டேய், சேஃப்டி வர்றான், பெல்ட்ட மாட்டு." அவ்வளவுதான். ஒருநாள் காலையில், நாலாவது மாடியில் குழாய் இறக்குவதற்காக விட்டிருந்த திறப்பு வழியாக ஒருவர் கீழே விழுந்தார். புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன், நாற்பதைத் தாண்டியவர். தோளில் கம்பிக்கட்டு. திறப்பின்மேல் போட்டிருந்த பிளைவுட் பலகையில் கால் வைத்தார், பலகை நகர்ந்துவிட்டது. உயிர் இருந்தது. இடுப்பு போய்விட்டது.

அந்தப் பலகையை நான்கு மூலையிலும் ஆணியடித்து, மேலே சிவப்புப் பெயின்டில் எழுதிவைத்திருக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் குழாய் வேலை செய்த சப்கான் ஆட்கள் ஆணியைப் பிடுங்கிப் பலகையை விலக்கி, பாதி வேலையில் இருட்டிவிட்டதும் அதைச் சும்மா மேலே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குக் காங்கிரீட் லாரிகள் வரும், அதற்குள் மேல்தளம் தயாராகியிருக்க வேண்டும் என்பது மெயின்கானின் உத்தரவு. காலையில் மாடி மாடியாகச் சுற்றிப் பார்ப்பது என் வேலை. அன்றைக்கு நான் சுற்றவில்லை. கேட்டில் நின்று லாரிகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்கு வைத்திருந்த ஆளைச் செலவைக் குறைக்க இரண்டு மாதம் முன்பே நிறுத்தியிருந்தார்கள்.

மத்தியானம் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'என்ன நடந்தது' என்று ஒரு கட்டம். அதில் நான் எழுதியது இதுதான்: 'ஊழியர் கம்பி சுமந்து சென்றபோது கவனக்குறைவால் கால் தவறித் திறப்பின் வழியே கீழ்த்தளத்தில் விழுந்தார்.' யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. முதலாளி அப்போது தளத்திலேயே இல்லை. அந்த வாக்கியம் தானாக வந்தது. அதுதான் இத்தனை வருடமாக என்னை உறுத்துகிறது.

இரண்டு மாதம் கழித்து அவருடைய மனைவி போன் செய்தார். "அண்ணே, நீங்கதான் எழுதுனீங்கன்னு சொன்னாக. இவுக கவனமில்லாம விழுந்தாகன்னு போட்டிருக்காமே? காசு வரும்னு சொல்லிட்டாக, அதுக்குக் கேக்கல. ஊர்ல எல்லாரும் 'பாத்து நடந்திருக்கக் கூடாதா'ன்னு இவுகளயே கேக்குறாகண்ணே." நான் என்னமோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

'தவறி விழுந்தார்' என்பதை இனி ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தவறு என்ற சொல் அதற்குள்ளேயே இருக்கிறது. யார் தவறினார்? விழுந்தவர். விழுந்தவரையே குற்றவாளியாக்கி, வழக்கையும் அதிலேயே முடித்துவிடுகிற வாக்கியம் இது. நம் செய்திகளில், அறிக்கைகளில், இரங்கல் கவிதைகளில் இதைத் தினமும் எழுதுகிறோம். நமக்கு உறைப்பதே இல்லை.

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். திருந்தினான் என்றால் தன்வினை, திருத்தினான் என்றால் பிறவினை. உருண்டது, உருட்டினான். சரிந்தது, சரித்தான். ஒரே ஒரு எழுத்து வல்லினமானதும் வாக்கியத்துக்குள் இன்னொரு ஆள் வந்து நிற்கிறான். வேலையிட மரணத்தை எழுதும்போது மட்டும் நாம் விடாமல் தன்வினையைப் பிடித்துக்கொள்கிறோம். கம்பி சரிந்தது. பலகை நகர்ந்தது. கிரேன் சாய்ந்தது. தவிர, வினை என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இன்னொரு பொருளும் உண்டு. முன்வினை, தலையெழுத்து, விதி. இலக்கணத்தில் தொடங்கி விதியில் போய் முடிவதற்கு நமக்கு ரொம்ப தூரம் இல்லை.

சட்டம் இதைவிட வேகமாக நகர்ந்திருக்கிறது என்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இலக்கியம்தானே முன்னால் போயிருக்க வேண்டும்?

2004 ஏப்ரல் 20ஆம் தேதி சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து உள்வாங்கியது. வட்டப் பாதை ரயிலுக்காகத் தோண்டிய பள்ளத்தின் தாங்கு அமைப்பு நொறுங்கி நான்கு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு கண்டறிந்தது ஒரு மனிதனின் கால் தவறலை அல்ல. வடிவமைப்பில் பிழை இருந்தது. கருவிகள் காட்டிய எச்சரிக்கைகளை உரியபடி எடுத்துக்கொள்ளவில்லை. வேலை மட்டும் தொடர்ந்தது. அதே ஆண்டில் வேறு பெரிய விபத்துகளும் நடந்தன. அதன் பிறகு, 2006இல், பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது.

இந்தச் சட்டத்தை ஒரு எழுத்தாளனாகப் படித்துப் பார்த்தேன். மூன்று விஷயங்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒன்று, குற்றம் நிரூபணமாக யாரும் சாக வேண்டியதில்லை, ஆபத்தான நிலையை விட்டுவைத்திருந்தாலே போதும். அந்தப் பலகையில் யாரும் கால் வைக்காமல் இருந்திருந்தாலும், ஆணியில்லாமல் அது அங்கே கிடந்தது குற்றம்தான். இரண்டு, கடமை சங்கிலியாகப் போகிறது. முதலாளி, இடத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர், வேலையைக் குத்தகைக்கு விட்டவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடமை. ஊழியருக்கும் உண்டு. ஆனால் அவர் மட்டும் இல்லை. மூன்றாவதுதான் முக்கியம். ஒரு நிறுவனம் குற்றம் செய்தால் அதன் பொறுப்பாளர்களும் குற்றவாளிகளே என்று 48ஆம் பிரிவு சொல்கிறது. தன் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் அது நடந்தது என்பதையும், தன்னால் ஆன எச்சரிக்கையெல்லாம் எடுத்ததையும் அவர்தான் நிரூபிக்க வேண்டும். "எனக்குத் தெரியாதே" என்பது போதாது.

தண்டனை போதுமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இந்தச் சட்டத்தின் பொதுத் தண்டனைப் பிரிவில் தனிநபருக்கு அதிகபட்சம் 200,000 வெள்ளி அபராதம், 2 ஆண்டுச் சிறை. முதல் முறை குற்றம் செய்யும் நிறுவனத்துக்கு 500,000 வெள்ளி வரை அபராதம். நிறுவனத்தைச் சிறையில் போட முடியாது. பெரிய நிறுவனம் அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போகும். 2022இல் சிங்கப்பூரில் 46 பேர் வேலையிடத்தில் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து அடுத்த மே வரை அமைச்சு உயர் பாதுகாப்புக் காலத்தை அறிவித்தது. உயிரிழப்பு நேர்ந்து கடுமையான குறைபாடு தெரிந்தால் அந்த நிறுவனம் மூன்று மாதம் வரை புதிய வெளிநாட்டு ஊழியரை எடுக்க முடியாது, தலைமை நிர்வாகி அமைச்சுக்கு நேரில் பதில் சொல்ல வேண்டும். 2023இல் எண்ணிக்கை 36 ஆனது. 2024இல் மறுபடி 43. மலேசியாவிலும் திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாகியிருக்கிறது, இயக்குநர்களின் தனிப்பட்ட பொறுப்பும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. போதாமைகள் இருக்கின்றன. ஆனாலும் சட்டம் ஒன்றைச் செய்யப் பார்க்கிறது. 'விழுந்தான்' என்று எழுதப்பட்டதை எடுத்து 'விழவைத்தது யார்' என்று கேட்கிறது. தன்வினையைப் பிறவினையாக்குகிறது.

நம் கதைகள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்காமலே நம்மை அழவைத்துவிடுகின்றன.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நஷ்டஈட்டுச் சட்டம் நினைவுக்கு வந்தது. சிங்கப்பூரில் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் பணம் பெற, யார்மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையால் காயம், அல்லது மரணம் என்றால் போதும். 2025 நவம்பர் முதல் மரணத்துக்கான உச்சத் தொகை 269,000 வெள்ளி. வழக்கறிஞர் வைத்து வருடக்கணக்கில் அலைய முடியாத குடும்பத்துக்கு இது பெரிய உதவி, இதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பணம் எதையும் கேட்காமல் வருகிற பணம். புதுக்கோட்டைக்கு வந்ததும் இதுதான். தவறு யாருடையது என்று யாரும் சொல்லாததால், ஊர் தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டது. "பாத்து நடந்திருக்கக் கூடாதா?"

நம் கதைகளில் வருகிற இரக்கமும் இதே போன்ற ஒரு நஷ்டஈடுதான். தவறு யாருடையது என்று கேட்காமல் வாசகன் கண்ணீரைக் கொடுத்துவிடுகிறான். கணக்கு முடிந்தது. நிஜத்தில் அந்தக் காசுக்கு அரிசி வாங்கலாம். கதையில் வருகிற கண்ணீருக்கு அதுவும் கிடைக்காது.

சம்பளத்துக்கு வாருங்கள். அந்த முப்பதில் ஏழு கதைகளில் முதலாளி சம்பளம் தருவதில்லை. ஏழிலும் அதற்கு வருகிற சொல் 'பாக்கி'. மூணு மாசம் சம்பளம் பாக்கி. பாக்கி என்பது கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் இருக்கிற விஷயம். இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு. அதே சைட்டில் ஒருவர் இரண்டு மீட்டர் செம்புக் கேபிளை எடுத்துப் பையில் போட்டால் அதற்கு என்ன சொல்? திருட்டு. போலீஸ் வரும். சிங்கப்பூர் தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. சம்பளத்தைக் காலத்தில் கொடுக்காத முதலாளிக்கு, முதல் குற்றமென்றால், 3,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அதுவும் வழக்கு அந்த அளவுக்குப் போனால்தான். ஊழியர் போய்ச் சொன்னால் முதலில் சமரசப் பேச்சு. அதற்குப் பெயர் தகராறு. வேலை அனுமதியே முதலாளியின் பெயரில்தான் இருக்கிறது. ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் ஊரில் வட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர் எவ்வளவு தூரம் தகராறு செய்வார்?

ஆஸ்திரேலியாவில் 2025 ஜனவரி 1 முதல் வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது குற்றவியல் குற்றம், 10 ஆண்டு வரை சிறை. அங்கே மக்கள் இதைச் சம்பளத் திருட்டு என்று வெளிப்படையாகவே பேசினார்கள். சொல் மாறியது, பிறகு சட்டம் மாறியது. தமிழில் 'சம்பளத் திருட்டு' என்று எழுதினால் இன்னும் மொழிபெயர்ப்பு மாதிரிதான் காதில் விழுகிறது. அது பழகும்வரை எழுத வேண்டியது யார்? நாம்தான்.

இதெல்லாம் நமக்குத் தெரியாத வித்தையா என்றால் இல்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் சாதியும் வறுமையும் ஒரு பெண்ணை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்புவதையும், அங்கே துரையின் அதிகாரம் அவள் உடம்பை என்ன செய்கிறது என்பதையும் 1930களிலேயே எழுதினார். அதில் துன்பம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒவ்வொரு படியிலும் அதை யாரோ செய்கிறார்கள். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்த நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆனது. அந்த நாவலில் என்னை அதிகம் பயமுறுத்தியது காய்ச்சலோ குளிரோ இல்லை, கணக்குப் புத்தகம். மேஸ்திரி கொடுத்த முன்பணம், அதற்குப் பிடித்தம், கம்பளிக்குப் பிடித்தம், அரிசிக்குப் பிடித்தம். உழைக்க உழைக்கக் கடன் தீராத ஒரு கணக்கு. சம்பளத் திருட்டு எப்படி நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகத் தமிழில் நான் படித்ததில்லை. நம் மலேசியாவில் கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' இருக்கிறது. பஹாங்கில் ஆசைகாட்டி அழைத்துப் போகப்பட்டுக் கொத்தடிமைகளாக்கப்பட்ட தோட்டத் தமிழர்களின் கதை. அழைத்துப் போனவர்களையும் அடைத்து வைத்தவர்களையும் அது மறைப்பதில்லை.

தோட்டத்தை எழுதியபோது இருந்த இந்தக் கண், கட்டுமானத் தளத்துக்கு வந்ததும் ஏன் மங்கிப்போனது? எனக்குத் தோன்றுவது இது. தோட்டத்தில் துரைக்கு ஒரு பங்களா இருந்தது, கங்காணிக்கு ஒரு பிரம்பு இருந்தது. ஆளைக் காட்டலாம். இன்றைய தளத்தில் மேம்பாட்டாளருக்குக் கீழே மெயின்கான், அவருக்குக் கீழே சப்கான், அவருக்குக் கீழே ஆள் சப்ளை செய்கிற கம்பெனி. எழுதப்போகிற இளைஞருக்கு யாரைக் காட்டுவது என்று தெரிவதில்லை. தெரியாததால் ஊருக்கு விமானம் ஏற்றிவிடுகிறார்.

நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. 'கதை என்ன குற்றப்பத்திரிகையா? தொந்தியும் சுருட்டுமாக ஒரு முதலாளியை நிறுத்திக் கல்லெறியச் சொல்கிறீர்களா? அந்தக் காலத்து முற்போக்குக் கதைகள் போதாதா?' ஒரு பெண் என்னிடமே இதைக் கேட்டார். நல்ல கேள்வி. என் பதில், வில்லன் வேண்டாம் என்பதுதான். சட்டமே அவனைத் தேடுவதில்லை. கெட்ட எண்ணம் இருந்ததா என்று அது கேட்பதில்லை, செய்ய வேண்டியதைச் செய்தாயா என்றுதான் கேட்கிறது. மிகக் குறைந்த விலைக்கு எடுத்த டெண்டர், செலவைக் குறைக்க நிறுத்திய ஒரு ஆள், எட்டு மணிக் காங்கிரீட், பிடுங்கிய ஆணி. இதில் யாரும் கெட்டவர் இல்லை. எல்லாருமே வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறவர்கள். இப்படிப்பட்டவர்கள் சேர்ந்து ஒருவரை எப்படி விழவைக்கிறார்கள் என்பதைவிட நல்ல கதைப்பொருள் ஒரு எழுத்தாளருக்கு எங்கே கிடைக்கும்?

மேலே இருப்பவரின் தூரமே அவரைக் காப்பாற்றும் என்பதற்குத் தென்கொரியா ஓர் உதாரணம். 2018 டிசம்பரில் தேஆன் அனல்மின் நிலையத்தில் 24 வயது ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இரவு வேலையில் தனியாக இருந்தபோது நிலக்கரிக் கன்வேயரில் சிக்கி இறந்தார். மின்நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் அப்போதைய தலைவரின் விடுதலையை 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த இயந்திரத்தின் ஆபத்து அவருக்குக் குறிப்பாகத் தெரிந்திருக்கவில்லை என்பதே காரணம். தெரியாமல் இருக்கும்படி உயரத்தில் இருந்தால் போதும் என்று ஆகிறது. அந்த இளைஞரின் தாயும் மற்றவர்களும் போராடியதில், 2022 ஜனவரியில் வேறொரு சட்டம் நடப்புக்கு வந்தது. பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்வது நிர்வாகத் தலைவரின் கடமை, அதைச் செய்யாமல் மரணம் நேர்ந்தால் ஓராண்டுக்குக் குறையாத சிறை அல்லது பெரும் அபராதம். 2024 ஜூனில் ஹ்வாசோங் நகரில் ஒரு லித்தியம் பேட்டரி ஆலை எரிந்து 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்த ஊழியர்கள். 2025 செப்டம்பரில் முதல்நிலை நீதிமன்றம் அந்த நிறுவனத் தலைவருக்கு 15 ஆண்டுச் சிறை விதித்தது. இறந்தவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அவர்களுடைய ஊர்களில் யாரும் 'பாத்து நடந்திருக்கக் கூடாதா' என்று இனிக் கேட்க முடியாது.

ஆகவே அந்தப் பதினோரு பேருக்கும் நான் சொன்ன கருத்து சின்னதுதான். ஊருக்குப் போகிற பக்கங்களில் இரண்டைக் குறைத்துவிட்டு, விபத்துக்கு முந்தின நாளை எழுதுங்கள். அன்றைக்கு யார் யாருக்குப் போன் செய்தார்கள், எதைச் செய்ய வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், யார் பார்த்தும் சொல்லாமல் போனார்கள். அந்த நாளில்தான் கதை இருக்கிறது. தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் போய் உட்கார்ந்து, யாரிடமாவது கேளுங்கள். ஊரைப் பற்றிக் கேட்காதீர்கள், அதை எல்லாரும் கேட்டுவிட்டார்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

சொல்லிவிட்டு, நான் சும்மா இருக்க முடியவில்லை. அறிக்கையின் அந்தக் கட்டத்தை மறுபடி நிரப்பிப் பார்த்தேன்:

'குழாய் வேலை செய்த நிறுவனத்தின் ஆட்கள் முந்தின நாள் மாலை பலகையின் ஆணிகளைப் பிடுங்கி, திரும்ப அடிக்காமல் விட்டுச் சென்றார்கள். அதைச் சரிபார்க்க எங்கள் நிறுவனம் யாரையும் நியமிக்கவில்லை. காலை எட்டு மணிக்குக் காங்கிரீட் போட்டே ஆக வேண்டும் என்று தலைமைக் குத்தகையாளர் உத்தரவிட்டார். செலவைக் குறைக்க ஆளை நிறுத்தியிருந்ததால், மாடிகளைச் சுற்றிப் பார்க்க வேண்டிய என்னை எங்கள் இயக்குநர் கேட்டில் நிற்கவைத்தார். நான் நின்றேன். சுற்றிப் பார்க்காமலே, பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். இவ்வாறு நாங்கள் அவரை விழவைத்தோம்.'

நீளமாக இருக்கிறது. அழகாகவும் இல்லை. அன்றைக்கு இதை எழுதியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும், ஒருவேளை வழக்கும் வந்திருக்கும். ஆனால் புதுக்கோட்டையிலிருந்து அந்தப் போன் வந்தபோது, இதைப் படித்துக் காட்டியிருக்க முடியும்.